25 டிகிரி முதல் 29 டிகிரி வரை

தூத்துக்குடி உப்பளங்களில் ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகளை மிதித்துச் செம்மைப்படுத்துவதில் தொடங்கும் வேலை, வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசியில் ஓய்கிறது. அளத்தில் தேர்ந்த கைக்கு இந்த மாதங்கள் முழுவதும் நீரைப் பார்ப்பதிலேயே கழிகின்றன. கடல்நீராயினும், அவ்வட்டாரத்தில் பெரிதும் பயன்படும் நிலத்தடி உவர்நீராயினும், அது பல உப்புகள் ஒருங்கே கரைந்த கரைசலாதலால், அவற்றில் ஒன்றை மட்டும் பிரித்தெடுக்கும் பொறுப்பு, நீரை எப்போது அடுத்த பாத்திக்குத் திறந்துவிடுவது என்ற முடிவிலேயே அடங்கியிருக்கிறது.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றில் முக்கால் பங்குக்குச் சற்று மேற்பட்டது சமையலுப்பாகிய சோடியம் குளோரைடு. எஞ்சியவை மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகள். நீர் ஆவியாகக் குறையக் குறைய, ஒவ்வோர் உப்பும் தனக்குரிய எல்லையை, அதாவது அதற்குமேல் அந்த நீரில் கரைந்திருக்க முடியாத நிலையை, அடைந்து படிகிறது. இந்த நிலையிலுள்ள நீரே தெவிட்டிய கரைசல் எனப்படும். படியும் வரிசையை உசிக்லியோ என்ற இத்தாலிய வேதியியலர் 1849இல் மத்தியதரைக் கடல்நீரைக் கொண்டு அளந்து காட்டினார். அளத்தில் அந்த வரிசையைக் காட்டும் கருவி நீரில் மிதக்கவிடும் ஒரு கண்ணாடிக் குழல். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருந்தாளர் போமே வகுத்த அளவின்படி, அது நன்னீரில் 0 டிகிரியும், எடையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு உப்புள்ள கரைசலில் 15 டிகிரியும், கடல்நீரில் 3 டிகிரிக்குச் சற்று மேலும் காட்டும்.

தெப்பம் எனப்படும் தேக்கத்திலிருந்து ஆழம் குறைந்த பாத்திகளுக்கு நீர் நகரும்போது முதலில் சுண்ணாம்பும், பின்னர் சுமார் 13 டிகிரியைத் தாண்டியதும் ஜிப்சமும் படிகின்றன. ஜிப்சம் பெரும்பகுதி படியும்வரை நீரை அங்கேயே நிறுத்திவைக்கப் பொறுமை வேண்டும். அவசரப்பட்டு உப்புப் பாத்திக்கு ஏற்றினால், அது உப்போடு சேர்ந்தே விளையும். 25 டிகிரியை எட்டும்போது தொடக்கத்தில் இருந்த நீரில் பத்தில் ஒரு பங்கே எஞ்சியிருக்க, மேற்பரப்பில் மெல்லிய படிகங்கள் ஏடாக மிதக்கத் தொடங்குகின்றன. அவற்றைப் பலகையால் கலைத்து அடியில் இறக்கினால்தான் உப்பு மணிகளாகத் திரளும்.

சர்க்கரைப் பாகை ஆறவிட்டால் கற்கண்டு விளைவதைப் போல உப்பு விளைவதில்லை. நூறு கிராம் நீரில் சாதாரண வெப்பத்தில் 36 கிராமும், கொதிநிலையில் 39 கிராமும் கரையும் அளவுக்கு அதன் கரைதிறன் வெப்பத்தால் சிறிதே மாறுவதால், குளிரவைப்பதில் பயனில்லை. நீரை ஆவியாக்கியே தீரவேண்டும். ஆனால் கரைசல் முற்ற முற்ற, கரைந்துள்ள துகள்கள் நீரைப் பிடித்து நிறுத்துவதால் ஆவியாதல் மெலிகிறது. தெப்பத்து நீரை விரைவாகக் குறைத்த அதே வெயிலும் காற்றும், 28 டிகிரி நீரிடம் தயங்கித் தயங்கியே வேலை செய்கின்றன.

அளத்துக்காரரின் நேர்மை சோதிக்கப்படும் இடம் இதுவே. 29 டிகிரியளவில் பாத்தியில் இன்னும் சமையலுப்பு கரைந்திருக்கிறது. ஆயினும் மக்னீசிய உப்புகள் மிகுந்து, விரல்களுக்கிடையில் எண்ணெய்போல் வழுக்கும் அந்தக் கசப்பு நீரை, நஞ்சுத் தண்ணீர் என்ற அதன் பெயருக்கேற்ப, வெளியேற்றிவிட வேண்டும். எடை கூடும் என்று அதனை நிறுத்திவைப்பது பிழை. வெயில் நாள்கள் குறைவென்பதோ, விலை சரிந்ததென்பதோ அதற்கு ஈடான காரணங்கள் ஆகா. வாரிய உப்பில் ஒட்டியிருக்கும் கசப்பைக்கூட, தெவிட்டிய உப்புநீரால் கழுவி நீக்கலாம்: சோடியம் குளோரைடால் ஏற்கெனவே நிறைந்த அந்நீர் மேலும் அவ்வுப்பைக் கரைக்காது, மக்னீசியத்தை மட்டும் ஏந்திச் செல்லும். இவ்வளவு எளிய வழி கையிலிருக்க, கழுவாத உப்பைக் குவித்து விற்பதை ஏற்க இயலாது.

தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீரை ஈர்க்கும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். மழை இல்லாத நாளிலும் வீட்டு ஜாடியில் கல்லுப்பு கசிந்தால், அது விளைந்த பாத்தியில் நஞ்சுத் தண்ணீர் உரிய நேரத்தில் திறந்துவிடப்படவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம்.