சிறுத்தையும் ஒரு பொற்கோடும்

புதிய வண்டிகளை மந்திரிக்கக் கொண்டுவருவது நமது பங்கில் வழக்கம். ஆனால் ஒரு பழைய வண்டியை மந்திரிக்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டு ஒரு தாய் அறைவீட்டுப் படியேறியது அன்றுதான்.

மறைந்த கணவரின் புல்லட் அது. மகன் அதன் பெட்ரோல் டாங்கியில் சிறுத்தைப் படம் வரையக் கொடுத்துவிட்டானாம். விலங்குப் படம் பாவமோ என அவர் அஞ்சுவதாக நாம் கருதி, மாற்குவுக்குச் சிங்கமும் லூக்காவுக்குக் காளையும் யோவானுக்குக் கழுகும் அடையாளமாக வரையப்பட்டு வருவதை விளக்கத் தொடங்கினோம். குருமடப் பழக்கம் எளிதில் விடுவதில்லை. அம்மாள் பொறுமையுடன் கேட்டுவிட்டு, "படம் இருக்கட்டும் சாமி, அந்தக் கோடு போயிடுமே" என்றார்.

எந்தக் கோடு என்பது திருவொற்றியூர்வாசிகளுக்குச் சொல்லாமலே விளங்கும். இங்கிலாந்தின் ரெடிட்ச் நகர நிறுவனமும் மதராஸ் மோட்டார்ஸும் 1955இல் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தாய் நிறுவனம் அங்கே அடங்கிய பின்னும் நம்மூரில் புல்லட் உருவாகிக்கொண்டிருந்தது. அதன் கறுப்பு டாங்கியில் ஓடும் பொன்னிறக் கோட்டை, அளவுகோலின்றி, தூரிகை பிடித்த கையே இழுக்கும். இவர் கணவர் கோடிழுத்தவர் அல்லர்; அதே ஆலையில் என்ஜின் பூட்டியவர். எனினும் ஞாயிறுதோறும் அந்தக் கோட்டைத்தான் துணியால் துடைப்பாராம்.

மறுநாள் காலடிப்பேட்டையில் இருந்த பட்டறைக்குச் சென்றோம். முன்னாளில் சினிமா பேனர் எழுதிய ஓவியர். அச்சுப் பலகைகள் வந்தபின் இத்தொழிலுக்கு மாறியவர். கையில் பேனாவைப் போன்றதொரு கருவி. விசையை அழுத்தினால் காற்று, பின்னுக்கு இழுத்தால் வண்ணம். உள்ளிருக்கும் ஊசி எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவே மை கசியும். டாங்கியை நெருங்கினால் மயிரிழை. விலகினால் புகைபோன்ற நிழல். சிறுத்தையின் மீசையை அவர் ஒரே வீச்சில் இழுத்தபோது, வந்த காரியத்தையே நாம் சற்று மறந்தோம்.

மூக்கில் வெறும் கைக்குட்டை கட்டியிருந்தார். மேற்பூச்சில் சேர்க்கும் கெட்டிப்படுத்தும் திரவத்தில் ஐசோசயனேட் உண்டு. அது ஆஸ்துமாவையே வருவிக்கும், துணி அதைத் தடுக்காது என்று கடிந்துகொண்டோம். சிரித்தார். அடுத்த வாரம் முகக்கவசம் வாங்கிக் கொடுத்தோம். அணிகிறாரா என்பதை ஆண்டவரே அறிவார்.

இடப்பக்கக் கோடு உப்புத்தாளில் தேய்ந்து முன்பே போய்விட்டிருந்தது. வலப்பக்கம் இன்னும் தொடப்படவில்லை. மகனை அழைத்துப் பேசினோம். "அப்பா வண்டி பழசாத் தெரியுதுன்னு பசங்க சிரிக்கிறாங்க ஃபாதர், அதை வித்துடக் கூடாதுன்னுதான் படமே போடுறேன்" என்றான். இதை அவன் தாயிடம் சொன்னதே இல்லை.

வலப்பக்கத்தை அப்படியே விட்டுவிட ஓவியர் இசைந்தார். மேற்பூச்சு மட்டும் இருபுறமும் அடித்தாக வேண்டும், இல்லையேல் நிரப்பும்போது வழியும் பெட்ரோல் படத்தைத் தின்றுவிடும் என்றார். கோட்டுக்கும் அது காப்பாயிற்று.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் வண்டி வந்தது. மகன் இடப்பக்கம் நின்றான், தாய் வலப்பக்கம். தீர்த்தச் செம்புடன் நாம் வண்டியை ஒருமுறை சுற்றிவந்தோம்.