மதுரைத் தண்ணீரில் மீன் வைத்தியம்

நன்னீர் அலங்கார மீன்களைக் கொல்லும் பாக்டீரியாக்களில் பல, வெளியிலிருந்து வந்து சேர்பவை அல்ல. ஏரோமோனாஸ் வகைக் கிருமிகள் நல்ல தொட்டியிலும் எப்போதும் இருக்கின்றன. தொட்டியில் கூட்டம் மிகுந்து, கழிவால் அம்மோனியா ஏறி, மீனின் உடலைப் போர்த்தியிருக்கும் சளிப்படலம் கிழிந்தால்தான் அவை உள்ளே புகுகின்றன. மதுரைக் கோடை இதற்கு உதவி செய்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 32 டிகிரியில் 7.3 மில்லிகிராம்தான். மீனுக்குத் தேவை கூடும் நேரத்தில் தண்ணீரின் கொள்ளளவு குறைகிறது. கிருமியோ சூட்டில் வேகமாகப் பெருகுகிறது.

மீன் பண்ணையிலும் கடையிலும் நோயை முதலில் காண்பது தீனி போடும் ஆள்தான். தீனிக்கு மேலே வராத மீன், ஓரமாக ஒதுங்கி நிற்கும் மீன், துடுப்பை உடலோடு ஒட்டி மடக்கிய மீன் ஆகியவை தனித்துத் தெரியும். அடுத்த கட்டத்தில் அறிகுறிகள் பிரிகின்றன. துடுப்பின் ஓரம் வெளுத்து நைந்தால் வால் அழுகல். உடலில் சிவந்து குழிவிழுந்தால் புண் நோய். வயிறு ஊதி, செதில்கள் அன்னாசிப்பழத் தோல்போல நிமிர்ந்து நின்றால் நீர்க்கோவை. இந்த மூன்றாவது உண்மையில் தனி நோயே அல்ல. சிறுநீரகம் செயலிழந்து உடலில் நீர் தேங்கியதன் அடையாளம். அந்தக் கட்டத்துக்கு வந்த மீன் பிழைப்பது அரிது.

அதிகம் ஏமாற்றுவது காலம்னாரிஸ். கப்பி, மாலி மீன்களின் வாயைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை படியும். முதுகில் சேணம் வைத்தாற்போல வெளுத்த பட்டையும் வரும். பார்த்தவுடன் ‘ஃபங்கஸ்’ என்று சொல்லி மெத்திலீன் புளூவை ஊற்றுவது எங்கும் வழக்கம். ஆனால் இது பூஞ்சை அல்ல, ஃப்ளேவோபாக்டீரியம் என்னும் பாக்டீரியா. வெதுவெதுப்பான நீரில் செவுளைத் தாக்கினால் ஓரிரு நாளில் தொட்டியே காலியாகிவிடும். தவறான மருந்தில் கழியும் ஒரு நாள்தான் இதில் பெரிய சேதம்.

சிகிச்சையின் முதல் படி மருந்து அல்ல. நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும்; பழைய தொட்டியின் அடிக்கழிவை உறிஞ்சி எடுத்து, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும்; இன்னும் ஒரு காற்றுக் குழாயைக் கூட்ட வேண்டும். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரென்றால் குளோரினை முறிக்க ஹைப்போ போட வேண்டும். பிறகு கல் உப்பு. லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை சிறிது சிறிதாகக் கரைத்துச் சேர்த்தால், புண்பட்ட தோல் வழியே உடலுக்குள் நீர் புகும் சுமை மீனுக்குக் குறைகிறது. கோரிடோராஸ் போன்ற செதிலற்ற மீன்களுக்கு இந்த அளவு ஒத்துக்கொள்ளாது.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் தோலின் மேற்புறக் கிருமியை எரிக்கும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்பது நீடித்த குளியலுக்கான அளவு. தண்ணீர் ரோஜா நிறமாக இருக்கும்வரைதான் அதற்கு வேலை. பழுப்பாக மாறினால் மருந்து கழிவிலேயே செலவாகிவிட்டது என்று பொருள். காரத்தன்மை மிகுந்த நீரில் மாங்கனீசு பிரிந்து செவுளில் படியக்கூடும் என்பதால், கண் அளவில் ஒரு சிட்டிகை போடும் பழக்கம் ஆபத்தானது. தராசு வாங்கும் காசு இறந்த மீன்களின் விலையை விடக் குறைவு.

ஆன்டிபயாட்டிக்கில்தான் மதுரைக்கே உரிய சிக்கல் இருக்கிறது. மலிவாகக் கிடைப்பதால் டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவது பரவலான கைமருந்து. தண்ணீர் மஞ்சளாகும், மருந்து ஏறிவிட்டதாகத் தோன்றும். ஆனால் மதுரைப் பகுதியின் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் டெட்ராசைக்ளினைப் பிணைத்துக்கொள்கின்றன. பிணைந்த மருந்து மீனின் உடலுக்குள் எளிதில் போவதில்லை. எஞ்சியதை வெயில் சிதைக்கிறது. நீர்க்கோவைக்கு வீக்கம் வடிய எப்சம் உப்பையும் கூடவே போடுபவர்கள், மெக்னீசியத்தைச் சேர்த்து அதே மருந்தை இன்னும் முடக்குகிறார்கள். மீனுக்குப் போய்ச் சேராத மருந்து ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாக்களைத் தாக்கக்கூடும். அப்படித் தாக்கினால் அம்மோனியா ஏறும். எரித்ரோமைசினும் எளிதில் கிடைப்பதுதான். ஆனால் மேலே சொன்ன கிருமிகள் கிராம் நெகட்டிவ் வகை என்பதால் அதற்கு அவை அவ்வளவாக மசிவதில்லை.

வாய் வழியே கொடுப்பதுதான் இங்கே பொருந்தும் வழி. ஆக்சிடெட்ராசைக்ளினுக்குத் தீனியில் கலக்கும் அளவு, மீனின் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 75 மில்லிகிராம், 10 நாள். 20 கிராம் எடையுள்ள 50 தங்கமீன்கள் சேர்ந்து ஒரு கிலோ. தொட்டியில் கரைத்தால் ஒரே நாளில் வீணாகும் 500 மில்லிகிராம் மருந்து, தீனியில் ஆறு நாளைக்கு வரும். சிறிது சமையல் எண்ணெயில் குழைத்துத் தீனியில் பூசி, நிழலில் உலர்த்த வேண்டும். தீனி தின்னும் மீனுக்கே இது உதவும்; அதனால்தான் தீனி போடுபவரின் முதல் நாள் கவனிப்புக்கு அவ்வளவு விலை. பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதை ஆய்வகச் சோதனைதான் உறுதியாகச் சொல்லும். அதற்குத் தென்மாவட்டங்களில் நாடக்கூடிய இடம், 1977-இல் தொடங்கிய தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி. விலை மலிந்த கப்பிக்காக யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். தாய்மீன்கள் சாகத் தொடங்கினால் போவது லாபம்.

மீன் காசநோய்க்கு மட்டும் தொட்டியில் சிகிச்சை இல்லை. தின்றும் மெலிந்து, முதுகு வளைந்து, ஒவ்வொன்றாகச் சாகும் மீன்களில் இதைச் சந்தேகிக்க வேண்டும். அவற்றை அப்புறப்படுத்தித் தொட்டியைக் காலிசெய்து கிருமி நீக்குவதே வழி. மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் இக்கிருமி, 1926-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் இறந்த மீன்களிலிருந்து இனங்காணப்பட்டது. தொட்டி கழுவுபவர்களின் கைச் சிராய்ப்பு வழியே இது மனிதருக்கும் தொற்றி, விரலிலும் முழங்கையிலும் ஆறாத முடிச்சுகளாக நிற்கும். குணமாக மாதக்கணக்கில் மருந்து வேண்டும். மருத்துவரிடம் மீன் தொட்டி வேலையைச் சொல்லாவிட்டால் அவர் வேறெதையோ தேடுவார். கையுறை போடுவதும், குழாயை வாயால் உறிஞ்சாமல் இருப்பதும் இந்தத் தொழிலில் இன்னும் வழக்கமாகவில்லை.

புது மீன் வரும் நாள் தனிக் கவனத்துக்குரியது. சென்னை கொளத்தூரிலிருந்து ஆக்சிஜன் அடைத்த பைகளில் வரும் மீன், வழிநெடுகத் தன் கழிவிலேயே கிடந்து வருகிறது. பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக் காரத்தன்மை ஏறுவதால், அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா நஞ்சாகிறது. ஆகவே மூடிய பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தியபின், திறந்தவுடன் தாமதிக்காமல் மீனை மட்டும் வலையில் எடுத்துவிட வேண்டும்; பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. இரண்டு முதல் நான்கு வாரம் தனித் தொட்டி, தனி வலை, தனி வாளி. வலை ஒன்றே இருக்கும் கடையில், ஒவ்வொரு தொட்டிக்கும் நடுவே அதைப் பெர்மாங்கனேட் கரைசலில் முக்கி வெயிலில் காயவைத்துவிட்டுத்தான் அடுத்த தொட்டியில் விட வேண்டும்.