விளையாடினால் பாடம் ஏறுமா?

"விளையாட்டா? போய்ப் படிக்கிற வழியைப் பார்!" கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற வசனம் இது. ஆனால் படிக்க வைப்பதற்காகவே கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதிய வாத்தியார்களும் உண்டு. அதுவும் இன்று நேற்றல்ல, 1971-லேயே!

அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரம். டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர் எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்த வேண்டியிருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் வண்டி கட்டிக்கொண்டு, மிசௌரியிலிருந்து சுமார் 3,200 கிலோமீட்டர் பயணம் செய்து ஆரிகனில் குடியேறியவர்களின் கதைதான் பாடம். அதற்காக வரைபடம், பகடை என்று ஓர் அட்டை விளையாட்டைத் தயாரிக்க ஆரம்பித்தார். அவருடைய அறைத்தோழர்கள் பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் இருவரும் கணிதப் பயிற்சி ஆசிரியர்கள், புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள். மூவரும் சேர்ந்து இரண்டே வாரத்தில் அதைக் கணினி விளையாட்டாக்கினார்கள். அதுதான் 'தி ஆரிகன் ட்ரெயில்'.

கணினி என்றதும் வண்ணத் திரையைக் கற்பனை செய்ய வேண்டாம். வகுப்பில் இருந்தது ஒரு டெலிடைப். இங்கே தட்டினால் எங்கேயோ இருக்கும் கணினி பதிலைக் காகிதத்தில் அடித்துத் தள்ளும். படமும் இல்லை, சத்தமும் இல்லை (டெலிடைப்பின் கடகட சத்தம் தவிர).

அப்படியும் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டார்கள். காரணம், முடிவு அவர்கள் கையில். 1978-ல் ஒரு பத்திரிகையில் அச்சான இதன் புரோகிராமில், வண்டி வாங்கியதுபோகக் கையில் மிச்சம் 700 டாலர். அதில் மாடு, சாப்பாடு, தோட்டா, துணிமணி எல்லாம் வாங்க வேண்டும். துணியில் கஞ்சத்தனம் பிடித்தால் வழியில் குளிர் வாட்டும், நோய் வரும். சாப்பாட்டில் பிடித்தால் பட்டினி. "பயணம் கடினமாக இருந்தது" என்று புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகும். இங்கே கடினம் என்றால் என்ன என்று கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பயிற்சிக் காலம் முடிந்ததும் ராவிட்ச் புரோகிராமைக் காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டு கணினியிலிருந்து அழித்துவிட்டார். 1974-ல் மினசோட்டா மாநிலத்தின் கல்விக் கணினி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்தக் காகிதத்தைப் பார்த்து மறுபடி தட்டி ஏற்றினார். சும்மா ஏற்றவில்லை. அந்தப் பாதையில் போனவர்களின் நாட்குறிப்புகளைப் படித்து, எந்த ஆபத்து எவ்வளவு அடிக்கடி வந்தது என்று பார்த்துத் திருத்தினார். 1985-ல் ஆப்பிள் II கணினிக்கு வந்த பதிப்பு அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு தலைமுறைக்கே பழக்கமானது.

எல்லாம் சரி. ஆனால் இங்கேதான் ஒரு சிக்கல்...

விளையாடுகிறவர் எப்போதும் குடியேறப் போகிறவர். அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்த பூர்வகுடிகள்? வழியில் திடீரென வந்து போகும் ஒரு சம்பவம், அவ்வளவுதான். அவர்கள் பக்கமிருந்து விளையாட வழியே இல்லை. வண்டி ஆரிகன் போய்ச் சேர்ந்தால் வெற்றி. அந்த வெற்றியில் யாருடைய மண் போனது என்ற கேள்வியை விளையாட்டு கேட்கவே கேட்காது. இந்த விமர்சனம் வலுத்து, 2021-ல் கேம்லாஃப்ட் வெளியிட்ட புதிய பதிப்புக்குப் பூர்வகுடி வரலாற்று அறிஞர்களின் ஆலோசனையைப் பெற்றார்கள். பூர்வகுடிப் பாத்திரங்களாகவும் அதில் விளையாடலாம்.

புத்தகத்தில் ஒருதலைப்பட்சமான வரி இருந்தால் விரலை வைத்துக் காட்டிவிடலாம். விளையாட்டில் அது விதியாக ஒளிந்திருக்கிறது. விதியை யாரும் வாசிப்பதில்லை, அதன்படி நடக்கிறார்கள். பத்து தடவை ஜெயித்த பிள்ளைக்கு அதுவே இயல்பாகிவிடும். விளையாட்டின் பலமும் இதுதான், ஆபத்தும் இதுதான்.

ஆகவே விளையாட்டு வந்துவிட்டால் வாத்தியார் தேவையில்லை என்பது தப்புக் கணக்கு. விளையாடி முடித்த பிறகு "இந்த விளையாட்டில் யாருக்கு வாய்ப்பே தரவில்லை?" என்று கேட்க ஒருவர் வேண்டும். பாடம் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது.

நண்பர்களே, நீங்கள் விளையாடிய விளையாட்டுகளில் விதிகளை எழுதியது யார் என்று எப்போதாவது யோசித்ததுண்டா?