கோசேனில் ஒரு வீடு

நெல்லை, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் தாய்க்கு எழுபது ஆகிவிட்டால் பிள்ளைகளிடையே ஒரு கேள்வி தவறாமல் எழும்: "அம்மா இனிமே யாரோடு இருப்பாங்க?" மூத்தவனோடு சென்னையிலா, மகளோடு பெங்களூரிலா, ஊர் வீட்டைப் பூட்டுவதா, விற்பதா என்று போனிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். கேள்வியே தப்பான இடத்தில் தொடங்குகிறது என்று ஒரு தாயாக எனக்குத் தோன்றுகிறது. போன இடத்தில் அம்மா என்ன செய்வாள், அவள் பேச்சு அங்கே எடுபடுமா என்பதை யாரும் கேட்பதில்லை. வயதானவர்களை இடம் மாற்றினால் தாங்கமாட்டார்கள் என்று பொதுவாகச் சொல்வதையும் நான் முழுதாக ஏற்கமாட்டேன். இடம் மாறுவது எங்களுக்குப் பழகிப்போன சங்கதி.

மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். சாராள் தக்கர் பள்ளி 1895-இல் கல்லூரியானது. இவற்றுக்கு இடையிலும் பின்னும் எத்தனையோ மிஷன் பள்ளிகள். அங்கே படித்த பெண்கள் டீச்சர்களாகவும் நர்ஸ்களாகவும் ஆகி, வேலை கிடைத்த ஊருக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். குருமாரின் மனைவிகளான ஐயரம்மாக்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சேகரம் மாறும்போதெல்லாம் குருமனை மாறும். ஐயர் ஓய்வு பெறும் நாளில்தான் சொந்தமாக ஒரு கூரை வேண்டுமே என்ற கவலையே தொடங்கும். இப்படி அலைந்தவர்கள் ஒடிந்துபோனதாகக் கதை இல்லை. ஏனென்றால் புது ஊரில் அவர்களுக்கு முன்பே வேலை போய்க் காத்திருந்தது. மாதர் சங்கத்தில் ஜெபிக்கக் கூப்பிடுவார்கள், ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பைக் கொடுப்பார்கள், சபை விருந்தான அசனம் வந்தால் காய் நறுக்க ஆள் சேர்க்கும் பொறுப்பு தானாக வந்து சேரும். அதே பெண் எழுபத்தைந்தாவது வயதில் மகனுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போகும்போது அவளுக்குக் காத்திருப்பது, "நீங்க சும்மா இருங்கம்மா" என்ற ஒரு சொல். பாசத்தோடு சொல்வதுதான், சந்தேகமில்லை. ஆனால் வாழ்நாளெல்லாம் ஒரு வீட்டை நடத்தியவள் காதில் அது வேலைநீக்க உத்தரவாகத்தான் விழும்.

வேதாகமத்தில் முதுமையில் வீடு மாறியவர்களைத் தேடிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகிறது. யாக்கோபு 130 வயதில் எகிப்துக்குப் போனார். மகன் யோசேப்பு பார்வோனுக்கு அடுத்த நிலையில் இருந்தவன். நினைத்திருந்தால் தகப்பனுக்கு அரண்மனையிலேயே ஓர் அறை ஒதுக்கியிருக்கலாம். அவன் கொடுத்தது கோசேன் நாட்டை. ஆடு மாடுகள் கூடவே வந்தன, குடும்பம் தனியே குடியிருந்தது, தலைவராகவே 17 ஆண்டுகள் வாழ்ந்தார். சாகுமுன் தன்னை எங்கே அடக்கம் பண்ண வேண்டும் என்று மகனிடம் ஆணையே வாங்கிக்கொண்டார். அதன்படி கானானில் உள்ள மக்பேலா கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். இதற்கு எதிர்த்திசையில் நிற்பவர் பர்சிலா. மக்னாயீமில் தஞ்சம் புகுந்த தாவீதைப் பராமரித்தவர், வயது 80. எருசலேமுக்கு வந்து என்னோடிரும் என்று ராஜாவே அழைத்தபோது, சாப்பாட்டின் ருசியும் தெரியவில்லை, பாட்டும் காதில் விழவில்லை, தாய் தகப்பன் கல்லறை அருகே சொந்த ஊரிலேயே சாகிறேன் என்று மறுத்துவிட்டு, தனக்குப் பதிலாகக் கிம்காம் என்பவனை அனுப்பினார். தாவீது வற்புறுத்தவில்லை, முத்தமிட்டு, ஆசீர்வதித்து அனுப்பிவைத்தான். இருவரும் ஆண்கள், ஆஸ்திக்காரர்கள், அதனால் அவர்கள் பேச்சு எடுபட்டது என்று நீங்கள் சொல்லலாம். சரி, நகோமியைப் பாருங்கள். கணவனும் இல்லை, மகன்களும் இல்லை, கையில் காசும் இல்லை. ஆனாலும் மோவாபை விட்டுப் பெத்லகேமுக்குத் திரும்புவது அவள் எடுத்த முடிவு. திரும்பி வந்தபின் மருமகள் ரூத்துக்கு, உறவினர் போவாசின் களம்வரை வழி சொன்னது அவள் யோசனை. கடைசியில் பிறந்த குழந்தையை மடியில் வைத்து வளர்த்ததும் அவளே. கூடப் போன மருமகள் அவளைப் பாரமாகச் சுமக்கவில்லை, அவள் சொல் கேட்டு நடந்தாள்.

இதற்கு மறுப்பாக நம் சபைகளில் வழக்கமாக வருவது, விசுவாசிக்கு இந்த உலகமே பரதேசம், செங்கல் வீட்டின்மேல் என்ன பற்று என்ற பிரசங்கம். வங்கிக் கடனில் இரண்டாவது ஃபிளாட் வாங்குகிற மகனுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கூடாரங்களில் பரதேசியாகக் குடியிருந்த ஆபிரகாமே, சாராளை அடக்கம் பண்ண 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து நிலம் வாங்கினார். பரலோக நம்பிக்கை இருப்பவருக்கும் பூமியில் ஓர் இடம் வேண்டியிருக்கிறது. கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் கேட்கும் தாயை உலகப்பற்றுக்காரி என்று சொல்பவர்கள், சென்னையில் கல்லறைக்கு இடம் தேடி அலைந்து பார்க்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு கனமானது, அதற்கு நான் தலைவணங்குகிறேன். இரவில் குளியலறையில் வழுக்கி விழுந்தால் தூக்க ஆள் இல்லை, மறதி வந்துவிட்டது, அடுப்பை அணைக்க மறக்கிறாள். இந்த நிலையில் அவள் சம்மதத்துக்குக் காத்திருக்க முடியுமா? முடியாது. ஆனால் அந்த நிலை வரும்வரை பேச்சையே எடுக்காமல் இருந்தது யார்? நடமாட்டம் இருக்கும்போதே, அறுபதுகளின் முடிவிலேயே, தாய் தானே முடிவெடுத்து மாறினால், புதுச் சபையில் முகம் பழகும், புதுத் தெருவில் காய்கறிக்காரர் பெயர் தெரியும், யாருக்காவது உதவியாக இருக்கும் காலமும் மிஞ்சும். வேலை என்றதும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சம்பளமில்லா ஆயா வேலையைத்தான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பேரன் மேல் ஆசை இல்லாத பாட்டி யார்? ஆனால் காலை ஏழு மணிக்குக் குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டு, அந்த வீட்டில் எந்த முடிவிலும் அவளைக் கேட்காமல் இருந்தால், அது உழைப்பு மட்டும்தான். பொறுப்போடு அதிகாரமும் சேர்ந்து வர வேண்டும்.

அதிகாரத்துக்குப் பணமும் வேண்டும். கணவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளைகள் உள்ள கிறிஸ்தவ விதவைக்கு அவருடைய சொத்தில் மூன்றில் ஒரு பங்கு. மீதியை மகனும் மகளும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஊர் வீட்டை விற்று மகன் பெயரில் வீடு வாங்கும்போது இந்தப் பங்கு சத்தமில்லாமல் கரைந்துபோகிறது. பராமரிப்பார்கள் என்று நம்பி எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் வழி உண்டு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால் பிற்பாடு அதை நிரூபிக்கப் போராட வேண்டியிருக்காது. செட்டில்மெண்ட் எழுதும் அம்மாக்கள் கவனிக்க.

முதியோர் இல்லத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாயை அங்கே விடுவது ஐந்தாம் கற்பனையை மீறுவது என்பார்கள். கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிப் பெற்றோருக்குரியதைக் கொடுக்காமல் நழுவியவர்களைத்தான் இயேசு கண்டித்தார். கட்டில் எந்த வீட்டில் கிடக்கிறது என்பது அங்கே பேச்சில்லை. ஆலயத்துக்குப் பக்கத்தில், தோழிகள் உள்ள ஓர் இல்லத்தைத் தாயே விரும்பிக் கேட்டால், பிள்ளைகள் செலவைக் கொடுத்து அடிக்கடி போய்ப் பார்த்துவரட்டும், ஊருக்குப் பயந்து தடுக்க வேண்டாம்.

ஆதிச் சபையில் அறுபது வயதுக்குக் குறையாத விதவைகளுக்கு ஒரு பதிவேடே இருந்தது தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபத்தில் தெரிகிறது. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பிலேயே பத்துப் பேரில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். நம் ஆலயங்களின் முன்வரிசையைப் பார்த்தால் கணக்கெடுப்பே தேவையில்லை. ஆகவே நகரத்துச் சேகர குருமாருக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து ஒரு மூதாட்டி சபை மாற்றக் கடிதத்தோடு வந்து நின்றால், சுகவீனருக்கான ஜெபப் பட்டியலில் பெயரைச் சேர்ப்பதற்கு முன்னால், "அம்மா, உங்க ஊர்ச் சபையில நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அந்த வேலையை இங்கேயும் அவர்களிடம் கொடுங்கள்.