சுட்ட மண்

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது அரிது. குறிலா நெடிலா, ரகரமா கால் குறியா என்பதைப் படிப்பவரே இடமறிந்து தெளிய வேண்டும். பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் இதைச் சொல்லிவரும் நாம், இதே சிக்கலைக் கணினித் திரையில் சந்திப்போம் என எண்ணியதில்லை.

கல்லூரிக் கண்காட்சிக்காகக் கணினியியல் மாணவர் ஒருவர் யாளி ஒன்றைச் செய்திருந்தார். மதுரைக் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத் தூண்களைப் பார்த்து வரைந்த உருவம். பிளெண்டர் மென்பொருளில் உடலை வனைந்து, உள்ளே ஐம்பது எலும்புகளைப் பொருத்தி, நடக்கவும் வைத்துவிட்டார். பார்வையாளர் அதைச் சுற்றிவந்து காண, யூனிட்டி என்னும் விளையாட்டுப் பொறிக்கு மாற்ற வேண்டியிருந்தது. எஃப்பிஎக்ஸ் கோப்பாக ஏற்றுமதி செய்து அங்கே திறந்தால், யாளி தரையில் சாய்ந்து கிடந்தது. அளவும் நூறு மடங்கு பிசகியிருந்தது.

பிளெண்டருக்கு மேல்திசை என்பது இசட் அச்சு; யூனிட்டிக்கு ஒய் அச்சு. பிளெண்டர் மீட்டரில் எண்ணுகிறது. எஃப்பிஎக்ஸின் வழக்கமான அலகோ சென்டிமீட்டர். "எண்ணெல்லாம் சரிதான் ஐயா, படிக்கிற முறைதான் வேற" என்றார் மாணவர். புள்ளியில்லா ஓலைதான்! ஏற்றுமதித் தெரிவுகள் இரண்டு மூன்றை மாற்றியதும் யாளி எழுந்து நின்றது.

நடையைக் கொண்டுபோவது அத்தனை எளிதன்று. பாதம் தரையில் ஊன்றியிருக்க இடுப்பு முன்னகர்ந்தால் முழங்கால் தானே மடங்கும்படி மாணவர் விதி அமைத்திருந்தார். அவ்விதி கோப்போடு பயணிப்பதில்லை. அதன் விளைவை மட்டும், ஒவ்வொரு சட்டகத்திலும் ஒவ்வோர் எலும்பும் எங்கே எப்படி நிற்கிறது என்று பதிந்து அனுப்ப வேண்டும். இதற்கு 'பேக்கிங்' என்று பெயர், சுடுதல். நொடிக்கு 24 சட்டகமென நான்கு நொடி நடைக்கு 96 சட்டகங்கள். ஐம்பது எலும்புக்கு 4,800 பதிவுகள். 2015-இல் வெளிவந்த ஜிஎல்டிஎஃப் என்னும் பொதுத்தரம் மேல்திசையையும் அலகையும் வரையறுத்து முதற்சிக்கலைத் தணித்தது. எனினும் அதிலும் செல்வது விளைவுதான், விதியன்று.

மாற்றம் நல்லபடியாக முடிந்தது. ஆய்வகக் கணினியில் இடமில்லை என்ற பேச்சு வந்தது. "அதுதான் யூனிட்டிக்குப் போய்விட்டதே, பழைய கோப்பு எதற்கு?" என்று கேட்டவர் நாமே. ஆசிரியர் சொல்லுக்கு மறுசொல் இல்லை, மாணவர் அழித்துவிட்டார்.

மறுவாரம் யாளி நடப்பதைப் பார்த்து நாமே குறையும் சொன்னோம்: "யானைபோல் அசைந்து நடக்கிறதே. சங்கப்பாடல்களில் ஆளி என்பது யானையை வேட்டையாடும் விலங்கு. பதுங்கி நடக்க வேண்டாமா?" அவர் முகம் வாடியது. பிளெண்டருக்குத் திரும்பக் கொண்டுவந்து பார்த்தார். எலும்புகள் வந்தன, பதிவுகளும் வந்தன. ஆனால் இடுப்பைத் தாழ்த்தினால் பாதங்கள் தரைக்குள் இறங்கின. முழங்காலுக்கு மடங்கத் தெரியவில்லை. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமா?

ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டவர்களைப் பற்றி வகுப்பில் எத்தனை முறை கடிந்து பேசியிருப்போம்! அவர்களும், 'இனி இது எதற்கு?' என்றுதானே எண்ணியிருப்பார்கள்? நாம் மாணவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர், "பரவால்ல ஐயா, விதி எனக்குத் தெரியும்ல" என்றார். மூன்று வாரம் இரவுகளில் உட்கார்ந்து மீண்டும் அமைத்தார். விதி கோப்பில் இல்லாவிடினும் செய்தவர் நினைவில் இருந்தது. அவரும் நம்முடன் இருந்தார். ஏடு எழுதியவரைப் போய்க் கேட்கும் வாய்ப்பு நமக்கு என்றும் வாய்த்ததில்லை.

கண்காட்சியில் யாளி பதுங்கி நடந்தது. அதன் மூலக்கோப்பின் படி ஒன்று இப்போது நம் மேசையறையில், ஒரு பென்டிரைவில் இருக்கிறது. அதைத் திறக்க நமக்குத் தெரியாது. அழிக்கக்கூடாது என்பது மட்டும் தெரியும்.