ஃபைட்டிங் கேம் புதுசா ஆடுறவங்களுக்கு ரொம்பக் கஷ்டமா? ஒரு சர்ஜனின் நீண்ட இழை

1/
"டாக்டர், அந்த சண்டை கேம் எல்லாம் நமக்கு ஆகாது. அதுக்கு விரல் வேகம் வேணும், கண் வேகம் வேணும். சின்னப் பசங்க சமாச்சாரம்."

என் வயசுக்காரங்க பல பேர் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கேன். கஷ்டம்னு சொல்றது சரிதான். ஆனா கஷ்டம் விரல்லயும் இல்ல, கண்ணுலயும் இல்ல. அது எங்க இருக்குன்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

2/
இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? தொழில் அறுவை சிகிச்சை. வயசு 46. பத்துப் பதினைஞ்சு வருஷமா பி.ஜி. மாணவர்களுக்குக் கை வேலை சொல்லித் தர்றேன். போன வருஷம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஆட ஆரம்பிச்சேன்.

காரணம் என் பையன். வெளியூர் காலேஜ், ஹாஸ்டல். போன் பண்ணா "சாப்டியா?" "ம்." "படிக்கிறியா?" "ம்." அவ்ளோதான். ஒருநாள் அவனே சொன்னான்: "அப்பா, இந்த கேமை வாங்கிப் போடுங்க. ஹெட்போன்ல பேசிக்கிட்டே ஆடலாம்."

3/
தெரியாதவங்களுக்கு ஒரு அறிமுகம். ஒரே திரையில ரெண்டு பேர் எதிரும் புதிருமா நிப்பாங்க. ஒருத்தர் உயிர்க்கோடு காலியானா ஒரு ரவுண்டு முடிஞ்சுது. பெரும்பாலும் மூணு ரவுண்டுல ரெண்டு ஜெயிச்சவர் வெற்றி.

1991-ல ஜப்பானோட கேப்காம் கம்பெனி விட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-தான் இந்த வகையை உலகம் பூரா கொண்டுபோனது. 90-கள்ல நம்ம ஊர் வீடியோ கேம் கடையில காயின் போட்டு ஆடினவங்களுக்கு இது புரியும்.

4/
சரி, முதல் குற்றச்சாட்டு: "பட்டன் அமுக்குறதே புரியல."

ரியூங்கிற வீரன் கையிலிருந்து நெருப்புப் பந்து மாதிரி ஒன்னு கிளம்பும். அதுக்குக் கீழ, கீழ்-முன் மூலை, முன், உடனே குத்து. எகிறிக் குத்துறதுக்கு முன், கீழ, கீழ்-முன் மூலை, குத்து. அரை செகண்டுக்குள்ள செய்யணும். முதல் நாள் பத்துக்கு ரெண்டு வந்தா பெருசு.

5/
சர்ஜரியில இதே கதைதான். ஒரே கையால நூல் முடிச்சு போடுறதை முதல் நாள் பி.ஜி.க்குச் சொல்லித் தந்தா, அவர் ஒவ்வொரு விரலையும் பார்த்துப் பார்த்து நகர்த்துவார். சேர் கைப்பிடி, கட்டில் கம்பி, கோட் பட்டன்னு எங்க பார்த்தாலும் நூல் தொங்கும். சில வாரத்துல பேசிக்கிட்டே போடுவார்.

ஃபிட்ஸ், போஸ்னர்னு ரெண்டு உளவியலாளர்கள் 1967-ல இதை மூணு படியாச் சொன்னாங்க. யோசிச்சுச் செய்றது, தப்பு குறையுறது, யோசிக்காமலே வர்றது.

6/
கைக்குன்னு தனி நினைவு இருக்குன்னு மருத்துவத்துக்குக் காட்டினவர் ஒரு நோயாளி. ஹென்றி மொலைசன். வலிப்புக்காக 1953-ல மூளையில ரெண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் பகுதியை எடுத்தாங்க. அதுக்கப்புறம் புதுசா எதுவும் அவருக்கு ஞாபகத்துல நிக்கல.

பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில தெரியுற பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையணும். மூணு நாள்ல தப்பு நல்லா குறைஞ்சுது. ஆனா ஒவ்வொரு நாளும் "இதை நான் முன்னாடி செஞ்சதே இல்ல"ங்கிற நிலைமைலதான் உக்காந்தார். அவருக்கு மறந்தது, கைக்கு மறக்கல.

7/
அதனால நீங்க பயப்படாதீங்க. ஒரே நாள்ல நாலு மணி நேரம் முட்டி மோதுறதைவிட தினம் பதினைஞ்சு நிமிஷம் நல்லது. கத்துக்கிட்ட கை வேலையை மூளை தூக்கத்துல உறுதிப்படுத்திக்கும்.

எனக்கு மூணு வாரத்துல அந்த நெருப்புப் பந்து பத்துக்கு எட்டு வந்துச்சு. டியூட்டி முடிஞ்சு வந்து ஆடின 46 வயசுக் கைக்கு அது போதும்.

8/
கம்பெனிகளும் சும்மா இல்ல. 2023 ஜூன்ல வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல "மாடர்ன்"னு ஒரு முறை இருக்கு. ஒரு திசை, ஒரு பட்டன், நெருப்புப் பந்து ரெடி. அந்தக் குறுக்கு வழிக்கு விலையா அடியோட பலம் 20% குறையும். 2013-ல வந்த டைவ்கிக்ல மொத்தமே ரெண்டு பட்டன்தான்.

ஆனா பட்டனைச் சுலபமாக்கின பிறகும் புதுசா வர்றவங்க தோத்துட்டுத்தான் இருக்காங்க. அப்போ பிரச்சனை பட்டன் இல்லன்னு ஆகுது.

9/
ரெண்டாவது குற்றச்சாட்டு: "எனக்கு அவ்ளோ ரிஃப்ளெக்ஸ் இல்ல." இங்கதான் கணக்கு சுவாரசியம்.

இந்த கேம்கள் ஒரு செகண்டுக்கு 60 ஃபிரேம் ஓடும். ஒரு ஃபிரேம்னா சுமார் 17 மில்லி செகண்டு. சின்னக் குத்து 4 ஃபிரேம்ல வந்து சேரும், அதாவது சுமார் 67 மில்லி செகண்டு. கண்ணால ஒன்னைப் பார்த்து விரல் அசைக்க ஆரோக்கியமான இளைஞருக்கே 200-லேருந்து 250 மில்லி செகண்டு, அதாவது 12-லேருந்து 15 ஃபிரேம் ஆகும்.

அந்தக் குத்தைப் பார்த்துத் தடுக்குற மனுஷன் உலகத்துலயே கிடையாது. சாம்பியனாலயும் முடியாது.

10/
அப்போ அவங்க எப்படித் தடுக்குறாங்க? எதிர்பார்த்து.

"டிரைவ் இம்பாக்ட்"னு ஒரு பெரிய அடி இருக்கு. 26 ஃபிரேம், அதாவது சுமார் 433 மில்லி செகண்டு. பார்த்துத் தடுக்க நேரம் இருக்கு. ஆனா "வரும்"னு காத்திருந்தாத்தான். எத்தனை விஷயத்துக்குக் காத்திருக்கோமோ அத்தனைக்கத்தனை நம்ம எதிர்வினை நேரம் கூடும். 1952-லயே ஹிக்னு ஒருத்தர் இதை அளந்து காட்டிட்டார்.

புதுசா ஆடுறவர் எதிராளியையும் பார்க்கணும், தன் விரலையும் யோசிக்கணும். விரல் பழகினதும் கண்ணுக்கு இடம் கிடைக்கும்.

11/
இந்த உலகத்துல ரொம்பப் புகழ்பெற்ற வீடியோ 2004-ல கலிஃபோர்னியாவுல நடந்த எவோ போட்டி. ஜப்பானோட டைகோ உமெஹாராவுக்கு உயிர்க்கோடு துளிதான் பாக்கி. சாதாரணமா தடுத்தாலே செத்துடுவார். அமெரிக்காவோட ஜஸ்டின் வாங் 15 அடி கொண்ட சூப்பர் தாக்குதலை விட்டார். டைகோ அந்தப் பதினைஞ்சையும் சரியான நொடியில முன்னாடி தட்டித் தட்டி விலக்கிட்டுத் திருப்பி அடிச்சு ஜெயிச்சார்.

"என்ன ரிஃப்ளெக்ஸ்!"னு சொல்லுவோம். ஆனா தாக்குதல் கிளம்பினதைப் பார்த்த பிறகு தட்ட ஆரம்பிச்சா முதல் அடிக்கே நேரம் பத்தாது. அது வரும்னு அவருக்கு முன்னாடியே தெரியும். மீதி, தாளம் பழகின கை.

12/
டைகோ 1981-ல பிறந்தவர். நாப்பதைத் தாண்டியும் தொழில்முறையா ஆடுறார். வயசானா எதிர்வினை வேகம் கொஞ்சம் குறையும், உண்மை. ஆனா இந்த ஆட்டத்துல கணிப்புக்கு மதிப்பு அதிகம். கணிப்பு வயசானாலும் வளரும்.

13/
இன்னொருத்தரையும் சொல்லணும். அமெரிக்காவோட மைக் பேகம், ஆட்டப் பெயர் ப்ரோலிலெக்ஸ். அவருக்கு ஆர்த்ரோகிரைபோசிஸ். பிறவியிலேயே மூட்டுகள் இறுகி இருக்குற நிலை. கன்ட்ரோலரை முகத்தாலயும் வாயாலயும் இயக்கி, கை நல்லா இருக்குறவங்களைப் போட்டியில தோற்கடிச்சார். 2024-ல காலமானார்.

"என் விரல் ஓடாது"ன்னு சொல்ல வரும்போது எனக்கு அவர் ஞாபகம் வரும்.

14/
சரி, உண்மையான கஷ்டம் எங்க? என் பார்வையில ரெண்டு இடத்துல. முதலாவது, ஏன் தோத்தோம்னு தெரியாது.

உதாரணம். நீங்க ஒரு பலமான உதை விடுறீங்க. எதிராளி தடுத்துட்டார். நீங்க காலை இழுத்து நிமிர்றதுக்கு 5 ஃபிரேம் முன்னாடியே அவர் தயார். அவரோட சின்னக் குத்துக்கு 4 ஃபிரேம் போதும். அந்த நேரத்துல நீங்க எந்த அடியை அமுக்கினாலும் அவர் குத்துதான் முதல்ல படும். தடுக்கக்கூட முடியாது.

இது தெரியாதவருக்கு என்ன தோணும்? "நான் அமுக்கினேன், கேம் எடுக்கல." இல்லன்னா "அவன் ரொம்ப வேகம்." திரையில பெருசா கே.ஓ.ன்னு மட்டும் வரும். காரணம் வராது.

15/
இதை ஒரு டாக்டரா யோசிச்சுப் பாருங்க. ஒரு பி.ஜி. முடிச்சு போடுறார், அவிழுது. பக்கத்துல நிக்கிற நான் ஒன்னுமே சொல்லாம "ஃபெயில்"னு மட்டும் சொல்லிட்டுப் போறேன். அடுத்தது, "ஃபெயில்." முப்பது தடவை. அவர் என்ன முடிவுக்கு வருவார்? "எனக்கு இது வராது."

முடிச்சு கஷ்டமானதால வந்த முடிவு இல்ல அது. "ரெண்டாவது சுத்துல இழுக்குற திசையை மாத்துங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லாததால வந்தது.

16/
ரெண்டாவது, தனிமை. கிரிக்கெட்ல பத்துப் பேர் கூட இருக்காங்க. சீட்டாட்டத்துல கை சரியில்லன்னு சொல்லிக்கலாம். இங்க சாக்குச் சொல்ல ஒன்னுமே கிடையாது. ஒருத்தர் ஜெயிப்பார், ஒருத்தர் தோப்பார், அது நீங்க.

அதுலயும் எதிர்ல அஞ்சு வருஷம் ஆடினவர் உக்காந்தா கத்துக்கவே வழியில்ல. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 மாதிரி பெரிய கேம்ல புதியவருக்குப் புதியவரே எதிரா கிடைப்பார். 2023 எவோ போட்டிக்கு மட்டும் அந்த கேம்ல 7,000 பேருக்கு மேல பேர் கொடுத்தாங்க. கூட்டம் கலைஞ்சுபோன பழைய கேம்ல மிச்சம் இருக்குறது வித்தகர்கள் மட்டும்தான். அங்க "புதியவருக்கு ரொம்பக் கஷ்டம்"ங்கிறதை நானே ஒத்துக்குவேன்.

17/
அப்போ ஆழத்தையே குறைச்சுடலாமா? வேண்டாம்னுதான் சொல்வேன். தோல்விக்குக் காரணம் காட்டினா போதும். 2024 ஜனவரில வந்த டெக்கன் 8-ல தோத்த ஆட்டத்தைத் திரும்ப ஓட விட்டா, "இந்த இடத்துல இப்படித் திருப்பி அடிச்சிருக்கலாம்"னு காட்டும். அந்த இடத்திலிருந்து நீங்களே ஆடியும் பார்க்கலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 பயிற்சி அறையில ஃபிரேம் கணக்கு கீழ கட்டம் கட்டமாத் தெரியும். நல்ல முயற்சிகள்.

18/
ஆனா மெஷினைவிட மனுஷன் நல்ல வாத்தியார். 2019-ல ஜப்பான் எவோ, லாஸ் வேகாஸ் எவோ ரெண்டுலயும் டெக்கன் 7-ல ஜெயிச்சவர் லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ். எங்க ஊர்ல என்னை மாதிரி இன்னும் பல பேர் இருக்காங்கன்னு அவர் சொன்னார். பின்னாடி 2022 டெக்கன் உலக டூர் இறுதிப் போட்டியை ஜெயிச்சதும் ஒரு பாகிஸ்தான்காரர்தான், ஆதிஃப் பட்.

பக்கத்து சேர்ல உக்காந்து "இப்ப ஏன் அடி வாங்கின தெரியுமா?"ன்னு கேட்க ஆள் இருக்குற இடத்துல ஆட்டம் வளருது.

19/
என் பையன் எனக்குச் செஞ்சது அதுதான். முதல் வாரம் சொன்னான்: "அப்பா, நான் எகிறிக் குதிச்சு வருவேன். நீங்க அதை மட்டும் கீழருந்து அடிங்க. மத்ததெல்லாம் விட்டுடுங்க." ரெண்டாவது வாரம், உதையைத் தடுத்த பிறகு திருப்பிக் குத்துறது மட்டும். நான் பி.ஜி.க்குச் செய்றதை இவன் எங்க கத்துக்கிட்டான்னு இருந்துச்சு.

தோத்தப்போ சிரிக்கல. "இப்ப எங்க மாட்டினீங்க சொல்லுங்க"ன்னு கேட்பான். நான் சொல்லணும்.

20/
ஒருநாள் ராத்திரி தொடர்ந்து இருபது ஆட்டம் தோத்தேன். இருபத்தொன்னாவது ஓடிக்கிட்டு இருக்கும்போது, ஆட்டத்தை நிறுத்தாமலே சொன்னான்: "அப்பா, இந்த செமஸ்டர் ரெண்டு பேப்பர் போயிடுச்சு."

நானும் நிறுத்தல. ரவுண்டு முடிஞ்சதும், அவன் என்கிட்ட கேட்குற அதே கேள்வியை அவன்கிட்ட கேட்டேன்: "எங்க மாட்டினப்பா?"

கணக்குப் பேப்பர்ல மூணாவது யூனிட்லேருந்து புரியலன்னு சொன்னான். யார்கிட்ட கேட்குறதுன்னு தெரியலன்னு சொன்னான். ரெண்டு மாசமா தூக்கம் சரியில்லன்னு சொன்னான். அன்னைக்கு ஒன்னரை மணி நேரம் பேசினோம்.

21/
எதிர்ல உக்காரவச்சு "என்னடா ஆச்சு?"ன்னு கேட்டிருந்தா அதே "ம்"தான் வந்திருக்கும். அப்பா இருபது தடவை தோத்துட்டு "இன்னொன்னு போடு"ன்னு சொல்றதைக் கேட்ட பிறகு, தன் தோல்வியைச் சொல்றது அவனுக்குக் கொஞ்சம் சுலபமா இருந்திருக்கணும். அப்படித்தான் நான் நினைக்கிறேன்.

22/
ஆரம்பிக்கிறவங்களுக்கு என் மருந்துச் சீட்டு:

ஒரே ஒரு வீரரை எடுங்க. மூணு மாசம் மாத்தாதீங்க.
நீளமான காம்போ வீடியோவைப் பிறகு பாருங்க. முதல்ல தடுக்கவும், குதிச்சு வர்றவரை அடிக்கவும் பழகுங்க.
"மாடர்ன்" முறையில ஆட வெட்கப்படாதீங்க.
தோத்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரே ஒரு காரணம் கண்டுபிடிங்க. போதும்.
உங்க அளவுல ஆடுற ஒருத்தரையோ, பொறுமையாச் சொல்லித் தர்ற ஒருத்தரையோ தேடுங்க.

23/
டாக்டரா ஒன்னு. முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து கையை உதறுங்க. கட்டைவிரல் அடியிலயோ மணிக்கட்டுலயோ வலி வந்தா அன்னைக்கு ஆட்டம் போதும். ஓய்வு கொடுத்தும் வலி தொடர்ந்தா டாக்டரைப் பாருங்க. ராத்திரி தூக்கத்தைத் தின்னு ஆடாதீங்க, கத்துக்கிட்டதும் நிக்காது.

24/
பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்ல பிள்ளை இதை ஆடினா, இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பக்கத்துல உக்காந்து "எனக்கும் சொல்லிக் கொடு"ன்னு கேளுங்க. நல்லா தோப்பீங்க. பரவால்ல, அவங்க சொல்லித் தர்றதைக் கேளுங்க.

பையன் அந்த ரெண்டு பேப்பர்ல ஒன்னை எழுதிப் பாஸ் பண்ணிட்டான். இன்னொன்னு நவம்பர்ல. நான் இன்னும் அவனை ஒரு செட் கூட ஜெயிக்கல.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, ஓ.பி. முடிஞ்சதும் பதில் சொல்றேன்.