சூவாரா: தொட்டிகளின் ஓரத்தில்

மொரோக்கோவின் ஃபெஸ் நகரத்துச் சூவாரா தோல் பதனிடும் களத்தை எல்லோரும் மேலிருந்துதான் படமெடுக்கிறார்கள். சுற்றியுள்ள தோல் கடைகள் தங்கள் மாடிகளை அதற்கென்றே திறந்து வைத்திருக்கின்றன. நாற்றத்துக்கு மூக்கருகே பிடித்துக்கொள்ள ஒரு கொத்துப் புதினாவும் கிடைக்கும். கீழே வரிசை வரிசையாகக் கல்தொட்டிகள். ஒருபக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு, பழுப்பு, மஞ்சள். கேமராவை நீட்டினாலே நல்ல படம் விழும். ஆனால் அந்தப் படத்தில் ஆட்கள் விரல்நகம் அளவுதான்.

எனக்குக் கீழே போக வேண்டியிருந்தது. தனியாக வந்திருந்ததால் யாருக்காகவும் அவசரப்பட வேண்டியதில்லை. 1981 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள அந்தப் பழைய நகரத்தின் சந்துகளில் கார் நுழையாது. ஈரத்தோல் சுமந்த கழுதைகள் "பாலாக், பாலாக்" என்ற கூவலோடு வரும். சுவரோடு ஒட்டி வழிவிட்டு, அவற்றின் பின்னாலேயே நடந்தேன்.

களத்தின் வாசலை அடைந்ததும், கேமராவைப் பைக்குள் வைத்தபடியே சலாம் சொன்னேன். வாசலில் இருந்த பெரியவர் என் பையைப் பார்த்தார், தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார், பிறகு தொட்டிகளைக் காட்டினார். முதலில் பார்க்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பு. மாடு, ஆடு, ஒட்டகம், எதன் தோலானாலும் அதில் சில நாள் ஊறினால்தான் மயிரும் கொழுப்பும் இளகும். அடுத்தது புறா எச்சம் கரைத்த தொட்டி. எச்சத்தின் அம்மோனியா தோலை மிருதுவாக்கிச் சாயம் ஏற வழிசெய்கிறது. அதற்குள் இறங்கிக் காலால் மணிக்கணக்கில் மிதிக்கிறார்கள். மாடியில் நிற்பவர்கள் விரும்பும் நிறமெல்லாம் இதற்கப்புறம்தான். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்புகளை அறிந்தவர்களுக்கு இந்த உழைப்பின் கடுமையை விளக்க வேண்டியதில்லை.

எச்சத் தொட்டியில் நின்ற இளைஞர் என்னைப் பார்த்ததும் உள்ளங்கையை விரித்து வேண்டாம் என்றார். எடுக்கவில்லை. மாடியில் இருப்பவர்களுக்கு இந்தக் கை தெரியாது. அவ்வளவு உயரத்திலிருந்து யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, மறுப்பும் அங்கே எட்டாது. தெருப்படம் எடுக்கும் எவருக்கும் இது நியாயமாகத் தெரியக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொருவர் சம்மதித்தார். சாய்ந்த மரக்கட்டையில் தோலைப் போர்த்தி, இருபுறமும் பிடியுள்ள வளைந்த கத்தியால் வழித்துக்கொண்டிருந்தார். நாலைந்து தள்ளு தள்ளியதும் உள்ளங்கையால் தடவி, மிச்சம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடுவார். அப்போது அவர் பார்வை தோலில் இல்லை. பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டிருந்தார். விரலிடுக்கெல்லாம் சுண்ணாம்பு வெடிப்பு. 35 மி.மீ. லென்ஸில் மிக நெருங்கி உட்கார்ந்தால்தான் அந்தக் கை சட்டத்தை நிறைத்தது.

திரையில் படத்தைக் காட்டினேன். திருப்தியில்லை. தோலைப் புரட்டி, மயிர் போன வழவழப்பான பக்கத்தை மேலே போட்டு, அதை எடுக்கச் சொன்னார். எடுத்ததும் பிரிண்ட் கேட்டார். மறுநாள் ஒரு ஸ்டூடியோவைத் தேடிப்பிடித்து, இரண்டு படத்தையும் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புரட்டிப் போட்ட தோலின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.